சகல சமூகத்தாரும் ஒற்றுமையாக வாழ்கின்றனர்

கோவில் கும்பாபிஷேகத்தன்று எங்கள் ஊரில் ஒரு சின்னப் புத்தகம் சும்மா கொடுத்தார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மண், மழை, கண்மாய், கோவில், மக்கள் எல்லாம் அதில் இருக்கிறது. எழுதியவர் ஓய்வுபெற்ற வாத்தியார், பேர் வேண்டாம். கெட்ட மனுசர் என்றும் சொல்ல மாட்டேன். மக்களைப் பற்றிய அத்தியாயம் இப்படி முடிகிறது: 'இப்பகுதியில் சகல சமூகத்தாரும் ஒற்றுமையாக வாழ்கின்றனர்.'

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வானம் பார்த்த பூமி என்று புத்தகம் ஆரம்பிக்கிறது. அரசாங்கக் கெசட்டியரிலிருந்து கரிசல் இலக்கியக்காரர்கள் வரைக்கும் இதே பேச்சுத்தான். வறட்சி எல்லாருக்கும் பொது, பஞ்சம் வந்தால் பண்ணையும் பட்டினி, கூலியும் பட்டினி என்பதுபோல ஒரு தொனி. அய்யா, வானத்தைப் பார்ப்பவனிலும் இரண்டு வகை உண்டு. ஒருத்தன் பட்டாவில் நின்று பார்க்கிறான். இன்னொருத்தன் அடுத்தவன் வரப்பில் நின்று பார்க்கிறான்.

எங்கள் பக்கம் ஊர்ப் பேர்களைக் கவனியுங்கள். ஏந்தல், குளம், ஊரணி என்றுதான் பாதிப் பேர்கள் முடியும். ஏந்தல் என்றால் மழைத் தண்ணியை ஏந்தி வைக்கிற சின்னக் கண்மாய். ஆறு என்று சொல்ல குண்டாறு ஒன்று, அதிலும் மழைக்குத்தான் தண்ணி. ஆகவே இங்கே பூகோளம் என்றால் கண்மாய்தான். எந்த மடைக்குக் கீழே யாருக்கு எவ்வளவு நஞ்சை என்று கேட்டால் ஊரின் சாதிக் கணக்கு முழுக்க வெளியே வந்துவிடும்.

என் தாத்தா மடைக்குடும்பன். கண்மாய் நிறைந்து கிடக்கும்போது கழுத்தளவு தண்ணியில் முங்கி மடையைத் திறக்கிற வேலை. இழுவையில் மாட்டினால் ஆள் திரும்பி வர மாட்டான். எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணி என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு செண்டு இல்லை. அறுப்பு முடிந்தபிறகு களத்தில் அளந்து போட்ட நெல்தான் கூலி. பழைய கணக்குகளில் அந்தக் கூலிக்குச் 'சுதந்திரம்' என்று பேர்! பேரைப் பார்த்தீர்களா. புத்தகத்தில் கண்மாயை வெட்டிய ராசா பேர் இருக்கிறது, கலுங்கின் நீளம் இருக்கிறது, கரைமேல் இருக்கிற அய்யனார் இருக்கிறார். முங்கினவனைக் காணோம்.

திருச்சுழிக்கு வருவோம். திருமேனிநாதர் கோவிலுக்கு நாலு பக்கம். ரமணர் 1879 டிசம்பர் 30ஆம் தேதி பிறந்த வீட்டுக்கு இரண்டு பக்கம், படத்தோடு. நல்லது. அவர் 'நான் யார்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னவர். அதே தாலுகாவில் டீக்கடையில் எங்கள் ஆட்களை இன்னொருத்தன் கேட்கிறான்: 'நீ யாரு, எந்தத் தெரு?' பதிலைப் பொறுத்துக் கண்ணாடிக் கிளாசா, வேற கிளாசா என்று இருந்த காலத்தை நான் கண்ணால் பார்த்தவன். இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது. அதைச் சமத்துவம் என்று சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

நாடார் மக்கள் முன்னேறிய கதைக்கு ஒரு அத்தியாயம். ராம்நாட்டு ஆறு ஊர்களில் அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் சேர்த்தி. மகமை வசூல், உறவின்முறை, பள்ளிக்கூடம் எல்லாம் உண்மை. 1899 சிவகாசிக் கலவரத்தையும், கமுதிக் கோவிலுக்குள் போனதற்காக நடந்த வழக்கில் 1908இல் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றதையும் வாத்தியார் மனசு கனத்து எழுதியிருக்கிறார். நானும் மனசு கனத்துத்தான் படித்தேன். ஆனால் 1899 ஞாபகம் இருக்கிற பேனாவுக்கு 1957 ஏன் மறந்துபோகிறது? 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்றைக்கு அருப்புக்கோட்டையும் அதே இராமநாதபுரம் மாவட்டம்தான். என் அப்பத்தா சொல்லும்: 'அந்த வருசம் ராத்திரி ஒருத்தரும் வீட்ல படுக்கலப்பா. பச்சப் புள்ள வாயப் பொத்திக்கிட்டு கம்மாய்க்குள்ள கருவ மரத்தடியில கெடந்தோம்.' இது எங்கள் பூகோளம். எந்த மரத்தடியில் ஒளியலாம் என்பது வரைக்கும் எங்களுக்கு வரைபடம் உண்டு.

மாவட்டத்தின் பேருக்கே வாருங்கள். பழைய இராமநாதபுரத்தை 1985இல் மூன்றாகப் பிரித்தார்கள். எங்களது காமராசர் மாவட்டம் என்று வழங்கியது. இப்போது ஏன் விருதுநகர் மாவட்டம்? புத்தகம் 'பின்னர் பெயர் மாற்றப்பட்டது' என்று ஒரே தாண்டாகத் தாண்டுகிறது. நடந்தது இதுதான். 1997இல் இந்த மாவட்டத்துக்கான போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதி, கவர்னகிரிக்காரர். ஆனால் பள்ளர். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். தென்மாவட்டம் முழுக்கத் தீ, வெட்டு, சாவு. கடைசியில் அரசாங்கம் எல்லாத் தலைவர்கள் பேரையும் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் அழித்தது. ஒரு பள்ளன் பேரை நெற்றியில் தாங்கி ஒரு பஸ் ஓடக்கூடாது என்பதற்காகக் காமராசர் பேரையே விட்டுக்கொடுத்த மாவட்டம் இது. சகல சமூகத்தாரும் ஒற்றுமையாக!

இதே மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தலித்துக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் நாற்காலி. 1996இலிருந்து 2006 வரை அதில் ஒருத்தரையும் உட்காரவிடவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதையும் அதுதான். இது வெறும் கவுரவப் பிரச்சினை என்று நினைத்தால் தப்பு. தலைவர் கையில் கணக்கு இருக்கும், கண்மாய் ஏலம் இருக்கும். மீனும் மரமும் யாருக்கு என்பதில்தான் எல்லாம் கிடக்கிறது.

சீமைக்கருவேலம் எங்கள் சனத்துக்குச் சோறு போட்டது உண்மை. மரத்தை வெட்டி அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்தால் நாள்கணக்கில் உள்ளே புகையும். ராத்திரி கண்விழித்து எங்கே ஓட்டை விழுகிறது என்று பார்த்துப் பார்த்து அடைக்கணும். விட்டால் கரி எல்லாம் சாம்பல். அம்மா அந்தப் புகையில் இருமி இருமியே பாதி ஆயுசைக் கழித்தது. மரத்தை ஏலம் எடுத்தவன் மெத்தை வீடு கட்டிவிட்டான். புத்தகத்தில் இது 'கரி உற்பத்தித் தொழில்'.

இவ்வளவு பேசுகிற நான் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற அருந்ததியர் வீடுகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். எங்கள் குழாயில் அவர்களுக்கு இடம் கொடுக்க நாங்கள் எத்தனை வருசம் எடுத்துக்கொண்டோம்? 2009இல் அவர்களுக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எங்கள் பக்கத்துப் படித்த பையன்கள் பேசிய பேச்சு, சாதி இந்து பேசுகிற அதே பேச்சு. 2024இல் உச்சநீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னபிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. 2021இல் தேவேந்திரகுல வேளாளர் என்று பேர் மாறியதைக் கொண்டாடுகிற தோழர்கள், அந்தப் பேரை வைத்துக்கொண்டு பின்தெருவை எப்படிப் பார்க்கப்போகிறோம் என்றும் கொஞ்சம் யோசிக்கட்டும். இதை எழுதினால் எனக்கு நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

வாத்தியாரிடம் நேரிலேயே கேட்டேன். 'அடுத்த பதிப்புல ஒங்க தெருவப் பத்தி அரைப்பக்கம் எழுதிக் குடு தம்பி, சேத்துருவோம்' என்றார். எழுதினேன். சுடுகாட்டுக்கு வழி இல்லை, மழைக்காலத்தில் பாடையை அடுத்தவன் காட்டு ஓரமாக முழங்கால் சேற்றில் தூக்கிப் போகிறோம். கண்மாய் ஏலம் கோவில் மண்டபத்தில் நடக்கிறது, நாங்கள் கீழே ரோட்டில் நிற்கிறோம். மடையைத் திறந்தவர்கள் பேர் மூன்று தலைமுறைக்கு இன்னின்னது. இவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். 'இதெல்லாம் எதுக்கு தம்பி, நல்லதா நாலு வரி எழுதேன்' என்றார். பேனா மையில் ஒரு வரியை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தார். எங்கள் தெருவில் மாரியம்மன் கோவில் உண்டு என்கிற வரி.

இந்தப் பங்குனியில் மீன் ஏலம் வருகிறது. மண்டபத்தில் வைக்காதே, ஊராட்சி ஆபீசில் வை என்று மனு கொடுத்திருக்கிறோம். எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேரும் பின்தெருப் பையன் ஒருத்தனும் முன்பணம் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.