சுகவாழ்வு: இடுப்பு வலியும் இழுவைச் சிகிச்சையும்



திருவனந்தபுரம் மாவட்டக் கல்லாற்றைக் கடந்து பொன்மூடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. குடும்பமாய்ச் சென்று திரும்புகிறவர்களில் சிலருக்கு இடுப்பைப் பிடித்த வலி, பிட்டத்தின் வழியாய்க் காலுக்கு மின்னலைப்போல் இறங்கும். இதுவே சயாட்டிகா. முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் இது உண்டாகிறது என்பதை 1934-இல் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினார்கள்.

இடுப்பில் வார் கட்டி எடை தொங்கவிட்டு இழுத்தால் தட்டு உள்ளே போய்விடும் என்று நம்பி, அநேகர் டிராக்‌ஷனுக்குப் பணம் செலவிடுகிறார்கள். ஆனால் 2,762 பேர் பங்குபெற்ற 32 ஆய்வுகளைப் பரிசீலித்த 2013-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அதனால் பலன் அற்பமே, அல்லது இல்லை என்று கண்டது. 2016-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் அதை அளிக்கவேண்டாம் என்றது. நாட்கணக்காய்ப் படுத்திராமல் இயன்றமட்டும் நடப்பதும், பிசியோதெரபிஸ்ட் கற்பிக்கும் பயிற்சிகளை வீட்டில் தவறாமல் செய்வதுமே நலம். பலருக்குச் சில வாரங்களில் வலி தணியும்.

ஆயினும் சிறுநீர் பிரியாமை, மலசலம் அடக்க இயலாமை, மறைவிடத்தில் உணர்வின்மை, பாதத் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடக்கூடும். ஜெபத்தை வழியிலும் ஏறெடுக்கலாம்.

சிகிச்சைக்குச் செல்லும் சகோதரனை அவிசுவாசி என்னாதிருங்கள். யாக்கோபு பெனியேலைக் கடந்தபோது நொண்டி நடந்தான் (ஆதியாகமம் 32). ஆயினும் அவன் ஆசீர்வாதம் பெற்றவனாகவே நடந்தான்.

கர்த்தர் உங்களைச் சுகத்தோடே காப்பாராக. ஆமென்.