பேகம் ஹஸ்ரத் மஹலுக்கு வகை முத்திரையா?

மறைந்த மாவீரர்களைப் பற்றி, "இவர் இன்ன வகை ஆளுமையினர்" என்று முத்திரை குத்தும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியின் தலைவியரில் ஒருவரான பேகம் ஹஸ்ரத் மஹலைப் பற்றிப் பேச்செழுந்தாலும், "அவர் பிறவியிலேயே கட்டளையிடும் வகை" என்று கூறி முடித்துவிடுவோர் உளர். இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

இவ்வகைப்பாட்டின் வேர், சுவிட்சர்லாந்து மனநூல் அறிஞர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட நூலில் உள்ளது. அமெரிக்கரான காத்தரின் பிரிக்ஸும் அவர்தம் மகள் இசபெல் மையர்ஸும் அதனை 16 வகைகளாக விரித்தனர். அவர்கள் முறைப்படியும் வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியவர் சம்பந்தப்பட்டவரே. 1879-இல் காத்மாண்டில் காலமான அம்மையார் எந்த வினாவுக்கு விடையளித்தார்? அவருக்காகப் பிறர் விடை எழுதினால், அது அம்மையாரின் உள்ளமா, எழுதியவரின் ஊகமா?

ஊகம் எதற்கு? செயல்கள் நம் கண்முன் இருக்கின்றன. 1856-இல் கும்பினியார் அவத் நாட்டைப் பறித்தனர். நவாப் வாஜித் அலீ ஷா கல்கத்தா சென்றார். பேகம் லக்னோவிலேயே தங்கினார். 1857 ஜூலையில் தம் இளம் புதல்வர் பிர்ஜீஸ் கத்ரை அரியணை ஏற்றி, அவர் பெயரால் ஆட்சியையும் போரையும் நடத்தினார். 1858 மார்ச்சில் லக்னோ வீழ்ந்தது, அவர் பணியவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் விக்டோரியா அரசியாரின் பிரகடனம் வெளிவந்தது. கும்பினியின் உடன்படிக்கைகள் காக்கப்படும், சமயத்தில் தலையிடோம், மன்னிப்பு உண்டு என்றது அது. பேகத்தின் பெயரால் வெளிவந்த மறுப்புப் பிரகடனமோ அவ்வுறுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து உரைத்துப் பார்த்தது. கும்பினியின் ஏற்பாடுகளையெல்லாம் அரசியார் அப்படியே ஏற்பாரெனில், புதிதாக விளைந்த நன்மை யாதென வினவியது. பரத்பூர், லாகூர், பேஷ்வா, திப்பு சுல்தான் என வாக்குப் பிறழ்ந்த வரலாற்றை வரிசைப்படுத்தியது. இது பிறவிக் குணத்தின் கொதிப்பா? சான்றுகளை நிறுத்தித் தீர்ப்புக் கூறும் அறிவன்றோ!

ஸர்பு இலக்கணம் ஓதுவிக்கும் நாம் ஒன்றைக் கண்டிருக்கிறோம். 'நஸர' என்றால் உதவினான். 'கதல' என்றால் கொன்றான். இரண்டும் ஒரே பாபைச் சேர்ந்தவை. ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. பாபை மட்டும் அறிந்தவன் உதவியையும் கொலையையும் எவ்வாறு பிரித்தறிவான்? மனிதர்க்கும் அஃதே. கட்டளையிடும் குணம் நாட்டைப் பறித்தவனுக்கும் இருந்தது. பறிகொடுத்தோருக்காக நின்றவருக்கும் இருந்தது. இருவரையும் பிரிப்பது வகையன்று, நிய்யத்தும் அமலுமே.

இதனைச் சிறு விஷயமென எண்ணற்க. வீரம் பிறவி வகையைச் சேர்ந்தது என்றால், அவ்வகையில் பிறவாதவர்க்கு அநீதியை எதிர்க்கும் கடமை இல்லையென்று ஆகிவிடும். "இவள் அடக்கமான வகை, இவளுக்கு மேற்படிப்பு எதற்கு?" என்று நம் இல்லங்களில் கேட்கப்படும் கேள்வியும் இம்முத்திரையின் மறுபக்கமே. எளிய குடியில் பிறந்து, அந்தப்புரத்தில் வாழ்ந்த பெண்ணொருத்தி, கடமை வந்து அழைத்தபோது ஒரு நாட்டையே தாங்கி நின்றார். அதற்கு முந்திய நாள் அவரைக் கண்டிருந்தால் எந்த வகையில் சேர்த்திருப்பார்கள்?

காத்மாண்டு ஜாமிஆ மஸ்ஜித் வளாகத்தில் அம்மையார் அடங்கியிருக்கிறார். அவர் செய்ததை நம் பெண்மக்களுக்குக் கற்பிப்போம். எந்த வகை என்று தேடும் வேலை அவர்களுக்கு வேண்டாம்; எது கடமை என்று தேடட்டும். அதற்கு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!