அன்பா பின்னினா அளவு சரியாயிடுமா?

மொதல்லயே சொல்லிடறேன், இது கோவத்துல எழுதுற பதிவு. யார் மேல கோவம்னு கேட்டீங்கன்னா, முதல் ஆள் நான்தான். அடுத்தது, "கையால பின்னினதாச்சே! அதுல எவ்ளோ அன்பு இருக்கு! அளவா முக்கியம்?" அப்படின்னு உருகுற நல்லவங்க எல்லாரும். உங்கள்ல பாதிப் பேர் அந்த நல்லவங்கதான்னு தெரியும். பரவால்ல, இன்னிக்கு ஒரு நாள் திட்டு வாங்கிக்கோங்க.

கதை இதுதான். அப்பா அம்மா குன்னூர்ல இருக்காங்க, நான் சென்னைல. ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்குத் தெரியாம ஒரு ஸ்வெட்டர் பின்னி, மார்கழிக்கு நேர்ல கொண்டு போய்க் குடுத்து அசத்தணும்னு முடிவு பண்ணினேன். புரட்டாசில ஆரம்பிச்சேன். சென்னைப் புழுக்கத்துல, ஃபேனை அஞ்சுல வச்சுக்கிட்டு, மடி மேல கரும்பச்சை உல்லனைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. "என்ன, மடில கரடி வளர்க்கறியா?"ன்னு ரங்கமணி தினமும் ஒரு தடவை கேட்பார். தினமும் அதே ஜோக்.

மார்கழி வந்துச்சு. குன்னூர் போனோம். அப்பா போட்டுப் பார்த்தார்.

தோள்பட்டைத் தையல் முழங்கைக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. கை ரெண்டு மடிப்பு மடிச்சப்புறம்தான் விரல் வெளிய தெரிஞ்சுது. உள்ள இன்னொரு அப்பாவுக்கு இடம் இருந்துச்சு.

அப்பா கண்ணாடில பார்த்துட்டு சொன்னார், "நல்லாருக்கும்மா. காத்தோட்டமா இருக்கு."

காத்தோட்டமான ஸ்வெட்டர்! குன்னூர்க் குளிருக்கு!

இருந்த நாலு நாளும் அதைத்தான் போட்டுக்கிட்டார். பார்க்க வந்த சித்தி, "பொண்ணு கையால பின்னிப் போட்டிருக்கா, நீங்க குடுத்து வச்சவர் அத்தான்"னாங்க. அம்மா ரகசியமா, "வெந்நீர்ல முக்கி எடுடி, சுருங்கிடும்"னாங்க. அது அக்ரிலிக் நூல்மா, பிளாஸ்டிக் சொந்தம், வெந்நீர்லல்லாம் சுருங்காது. அசல் கம்பளியா இருந்தாலும் நாம கேட்ட அளவுக்கு அடக்கமா சுருங்காது. சூட்டுலயும் கசக்குறதுலயும் இழைல இருக்குற செதில் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு, துணி மொத்தையா இறுகிடும். அப்புறம் அது ஸ்வெட்டர் இல்ல, கால்மிதி.

சரி, தப்பு எங்க நடந்துச்சு? அம்மா டிரங்குப் பெட்டில இருந்த பழைய பின்னல் புத்தகத்தை எடுத்துதான் பின்னினேன். அதுல "8 நம்பர் ஊசி"ன்னு போட்டிருந்துச்சு. எங்கிட்ட 8 நம்பர் இருந்துச்சு, அமெரிக்கால இருந்து ஒண்ணு விட்ட அக்கா வாங்கிட்டு வந்தது. 8-ன்னா 8 தானேன்னு ஆரம்பிச்சுட்டேன். இல்லையாம் மக்களே! புத்தகத்துல இருந்தது பழைய இங்கிலாந்துக் கணக்கு, நம்ம ஊர்ல பல காலமா விக்கிற ஊசிக்கும் அதே கணக்குதான். அதுல 8-ன்னா 4 மி.மீ. கனம். அமெரிக்கக் கணக்குல 8-ன்னா 5 மி.மீ. அதுலயும் இங்கிலாந்துக் கணக்குல நம்பர் கூடினா ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்குல நம்பர் கூடினா ஊசி பெருக்கும். எதிரும் புதிருமா போற இந்த ரெண்டும் சந்திக்கிறது 7-ல மட்டும்தான், ரெண்டுலயும் 4.5 மி.மீ. இனிமே நம்பரை நம்பாதீங்க, மி.மீ. பாருங்க.

ஆனா ஊசி மேல பழி போட்டுத் தப்பிக்க நான் விரும்பல. ஏன்னா அந்தப் புத்தகத்துலயே இன்னொண்ணும் போட்டிருந்துச்சு: இஞ்சுக்கு அஞ்சரை கண்ணி வரணும், முதல்ல மாதிரித் துண்டு பின்னிப் பாருங்கன்னு. கண்ணின்னா ஸ்டிச். 33 கண்ணி ஏத்தி ஆறு இஞ்சுக்கு ஒரு சதுரம் பின்னி, துவைச்சுக் காயவச்சு, நடுவுல நாலு இஞ்ச் அளந்து எண்ணினா 22 வரணும். எனக்கு 18 வந்திருக்கும். ஒரு சாயங்கால வேலை. நான் செய்யல. சுவாரசியம் இல்லாத வேலைன்னு தாண்டிப் போயிட்டேன்.

கணக்கு பாருங்க. முன்பக்கம் 110, பின்பக்கம் 110, மொத்தம் 220 கண்ணி. இஞ்சுக்கு அஞ்சரைன்னா சுத்தளவு 40 இஞ்ச். எனக்கு வந்தது இஞ்சுக்கு நாலரை. 220-ஐ நாலரையால வகுத்தா கிட்டத்தட்ட 49. இஞ்சுக்கு ஒரே ஒரு கண்ணி குறைஞ்சதுக்கு ஒம்பது இஞ்ச் வித்தியாசம்!

பின்னும்போதே தெரியலையான்னு கேட்பீங்க. நீட்டு ஊசில துணி சுருங்கி நெருக்கிக்கிட்டு நிக்கும், அகலம் தெரியாது. நீளம் மட்டும் கச்சிதமா வந்துச்சு. ஏன்னா நீளத்தை டேப் வச்சு அளந்தேன். அளந்தது சரியா வந்துச்சு, அளக்காதது சரியா வரல. இதுல அன்பு எங்க குறைஞ்சுது? ரெண்டுலயும் ஒரே அன்புதான். அன்பு அளவைச் சரி பண்ணாது சாமி!

இப்ப சண்டைக்கு வர்றேன்.

முதல்ல சர்ப்ரைஸ் கட்சி. நானும் அதுல இருந்தவதான். பெட்டியைத் திறந்து காட்டும்போது அவங்க முகத்தைப் பார்க்கணும்னு ஆசை. அது யாருக்கான சந்தோஷம்? நமக்கானது. போட்டுக்கப் போறவருக்கு வேண்டியது குளிர் தாங்குற, உடம்புல உட்கார்ற ஸ்வெட்டர். "அப்பா, மார்பு சுத்தளவு எவ்ளோ?"ன்னு ஒரு போன் போட்டிருந்தா கதை வேற. என்னோட அஞ்சு நிமிஷ நாடகத்துக்காக அவர் அளவை அவர்கிட்டயே கேட்காம மறைச்சேன்.

ரெண்டாவது, கைவேலைக்குக் குறை சொல்லக் கூடாதுங்கிற கட்சி. தையல்காரர் தைச்ச பிளவுஸ் அரை இஞ்ச் லூசுன்னா கடை வாசல்ல நின்னு கத்துறோம். லூதியானால மெஷின்ல பின்னி வர்ற ஸ்வெட்டர் கூட எம், எல்-லுனு ஒரு அளவுக்கு உட்பட்டுதான் வருது. கைல பின்னினா மட்டும் சலுகையா? அந்தச் சலுகை மரியாதை இல்லீங்க. "நீ செஞ்சது வேலை இல்ல, விளையாட்டு"ன்னு நாசூக்கா சொல்றது. மூணு மாசம் ராத்திரில கண்ணு முழிச்ச வேலையை வேலையா நினைச்சா, குறை சொல்லுங்க.

மூணாவது, "நல்லாருக்கு" கட்சி. இதுக்கு எங்கப்பாதான் தலைவர். குடுத்தவ மனசு நோகக் கூடாதுன்னு வாயை மூடிக்கிற கட்சி. இவங்களாலதான் நாட்டுல பல பீரோ, போடாத ஸ்வெட்டரும் ரசகற்பூர வாசனையுமா இருக்கு.

இதெல்லாம் ஒரு ஸ்வெட்டருக்காக எழுதற அளவுக்குப் பெரிய விஷயமான்னு கேட்டா, எனக்குப் பெரிய விஷயம்தான். கிளம்புற அன்னிக்கு மனசு கேக்காம டேப் எடுத்து அப்பாவை நிக்க வச்சு அளந்தேன். என் மனசுல இருந்த அப்பாவுக்கு 38 இஞ்ச். டேப்ல வந்தது 35. தப்பா பிடிச்சேனோன்னு மறுபடி அளந்தேன். அதே 35. "என்னப்பா இது?"ன்னேன். "வயசாச்சுல்ல"ன்னார். அம்மாவும் அதையே சொன்னாங்க. தினமும் பக்கத்துலயே பார்க்குறவங்களுக்குத் தெரியல. வருஷத்துக்கு ரெண்டு தடவை போற நானோ, பழைய அப்பாவையே பார்த்துட்டு வந்துட்டு இருந்திருக்கேன். ஊருக்குக் கிளம்பறதைத் தள்ளி வச்சுட்டு ரத்தம் டெஸ்ட் பண்ணினோம். சர்க்கரை 300-ஐத் தாண்டி இருந்துச்சு.

இப்ப மாத்திரைல கட்டுக்குள்ள இருக்கார், கவலைப்படாதீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் புத்தகப்படி சரியா 40 இஞ்சுக்குப் பின்னியிருந்தா, "கொஞ்சம் லூசு, சட்டை மேல போடறது தானே"ன்னு கிளம்பி வந்திருப்பேன். அந்த ஒம்பது இஞ்ச் அசிங்கம்தான் டேப்பைக் கைல எடுக்க வச்சுது. அளவெடுக்கறது அன்புக்கு எதிரின்னு யாராவது சொன்னா எனக்கு இப்ப சுர்ருன்னு வருது. ஒருத்தரை நிக்க வச்சு, கையைத் தூக்கச் சொல்லி, இப்ப எப்படி இருக்காங்கன்னு பார்க்கறதை விட அன்பு எதுல இருக்கு?

ஸ்வெட்டரை முழுசா பிரிச்சேன். அப்பா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உட்கார்ந்தார், நான் அவர் கைல நூலைச் சுத்தினேன். இந்தத் தடவை 4 மி.மீ. ஊசி, மாதிரித் துண்டு, 37 இஞ்ச் சுத்தளவு. போன மார்கழில போட்டுப் பார்த்தார். தோள்பட்டை தோள்லயே நின்னுச்சு.

"கழுத்துதான் கொஞ்சம் பிடிக்குதும்மா"ன்னார்.

அப்பா வாயில இருந்து முதல் குறை! சந்தோஷத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு. கழுத்துப்பட்டியோட கடைசி வரிசையைப் பிரிச்சு, கனமான ஊசியால தளர்வா முடிச்சுக் குடுத்தேன். அந்த அமெரிக்க 8 நம்பர் அதுக்காவது உதவிச்சு.

டிஸ்கி: "உணர்வுதான் முக்கியம் தோழி"ன்னு யாராவது ஆரம்பிச்சீங்க, உங்களுக்கு 49 இஞ்சுல ஒண்ணு பின்னி அனுப்பிடுவேன். ஜாக்கிரதை!