பழக்கத்தின் மேல் பழி போடாதீர்கள்

"தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது, நோய் முற்றிய பிறகுதான் வருவார்கள், உழைப்பதைக் குடித்தே தீர்ப்பார்கள்." தேயிலைத் தோட்ட மக்களைப் பற்றிப் பதுளையில் பஸ்ஸிலும் கடையிலும், படித்தவர் வாயிலும் கேட்கும் பேச்சு இது.

சுத்தத்தை எடுப்போம். 1916இல் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், மலசலகூடம் இல்லாத இடங்களில் புழு திரும்பி வந்தது. நூறாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்ட பாடம். இன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் விறகுப் புகைக்குள் குடும்பங்கள் இருக்கின்றன. கொழுந்து மலையில் ஒதுங்க இடமில்லாததால் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் பழக்கம்தான் காரணமா?

அடுத்தது, பிந்தி வருகிறார்கள் என்பது. என்னை அதிகம் சுடுவது இதுதான். நமுனுகுல பக்கத்து லயத்திலிருந்து டவுனுக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் போய்விடும். அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. அரைநாளில் ஓடிப்போய் மலை ஏறினாலும் அரைப்பேர்தான். ஒரு கிளினிக் வரிசையில் பார்த்தேன்: சிங்களத்தில் கேட்டது விளங்காமல் ஒரு தாய் விழித்தாள். "இவ்வளவு நாள் எங்கே இருந்தாய்?" என்று எல்லார் முன்னும் ஏச்சு விழுந்தது. கொழுந்துக் கறை ஏறிய விரல்களை அவள் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அப்படி ஏச்சு வாங்கியவள் அடுத்த காய்ச்சலைப் பனடோலோடு கடத்துவாள். பிறகு பிந்தி வந்தாள் என்று அவளையே குறை சொல்வோம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோதும், போகச் சொல்லியும் போகவில்லை என்றார்கள். போவதற்கு இடம் கொடுத்தது யார்?

குடி இருக்கிறது. வீடுகளை அழிக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் குடியின் மேல் போட முடியாது. 2016ஆம் ஆண்டு நாடளாவிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 32 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதும் 17 வீதம். அந்தக் குறை தாய் வயிற்றிலேயே, அவள் இரத்தசோகையிலேயே தொடங்கிவிடுகிறது. 1,000 ரூபாய் நாட்சம்பளமே 2021இல்தான் வந்தது, அதுவும் பேர் கிடைத்த நாட்களுக்கு மட்டும். குடிக்காத வீட்டுத் தட்டிலும் முட்டையும் பாலும் அபூர்வம்தான்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த சம்பளப் பேச்சில் இதையும் மேசையில் வையுங்கள். கிளினிக் சீட்டோடு வருகிறவளுக்கு அன்றைக்கு முழுப் பேர் போடுங்கள்.