யார் வளர்த்த புழு இது?

வெளியே பார்த்தால் காய் பச்சைப்பசேலென்று குறையில்லாமல் இருக்கிறது. பிளந்தால், விதையைக் குடைந்தபடி இளஞ்சிவப்புப் புழு. சுளை கறைபட்டு ஒட்டிக் கிடக்கிறது. அந்தப் பஞ்சுக்குச் சந்தையில் அடிமாட்டு விலைதான். காய்ப்புழுவை அண்டவிடாது என்று சொல்லி விற்ற, மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு வந்த கதி இது.

2002-ல் அந்தப் பருத்தி நம் வயல்களுக்கு வந்தது. தொடக்கத்தில் மருந்துச் செலவு குறைந்தது உண்மை; அதை மறுக்க மாட்டோம். ஆனால் குஜராத்தில் முதல் ரகம் இந்தப் புழுவிடம் தோற்றதை 2010-ல் விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு மரபணுக்களோடு 2006-ல் வந்த அடுத்த ரகமும் சில ஆண்டுகளில் தோற்றது. மருந்துத் தெளிப்பான் மறுபடி உழவர் முதுகில் ஏறியது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாளில் மருந்து தெளித்தவர்களில் இருபது பேருக்கு மேல் நஞ்சேறி மாண்டார்கள்.

தொழில்நுட்பத்தின் மேல் பழிபோட்டுத் தப்ப முடியாது. பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்து, வயலைச் சுற்றி விதைக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். சாதாரணச் செடியில் வளரும் அந்துப்பூச்சி, எதிர்ப்புசக்தி பெற்ற பூச்சியோடு சேர்ந்தால் பிறக்கும் புழு பி.டி. நஞ்சுக்குச் சாகும். அந்தச் சிறு பொட்டலத்தின் வேலை அதுதான். பருத்தியைத் தவிர வேறு பயிரை இந்தப் புழு அதிகம் நாடுவதில்லை என்பதால், அதை விட்டால் வேறு காவலே இல்லை. இதை உழவரிடம் உட்கார்ந்து விளக்கியவர் யார்? பொட்டலம் பெரும்பாலும் பிரிக்கப்படாமலே போனது. விதி காகிதத்தில் தூங்கியது, அதிகாரிகளும் தூங்கினார்கள்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நேர் ரகங்களில் சேர்த்த பி.டி. பண்பை, இங்கே நீண்ட நாள் வயதுள்ள வீரிய ஒட்டு ரகங்களில் அடைத்தார்கள். உழவர் ஆண்டுதோறும் விதைக்குக் கடைவாசல் ஏற வேண்டும். பொங்கல் தாண்டியும் நிற்கும் செடி புழுவுக்கு விருந்து.

அதே புழுவை அமெரிக்கா ஒழித்துவிட்டதாக 2018-ல் அறிவித்தது. பி.டி. பருத்தியோடு மலட்டு அந்துப்பூச்சிகளையும் அங்கே பறக்கவிட்டார்கள். சீனாவின் யாங்சே பள்ளத்தாக்கிலோ, ஒட்டு ரகத்தின் இரண்டாம் தலைமுறை விதையை உழவர்கள் விதைத்ததால் வயலில் கால்பங்குச் செடிகள் பி.டி. இல்லாமல் வளர்ந்தன, புழுவின் எதிர்ப்புசக்தி சரிந்தது.

மத்திய வேளாண் அமைச்சகமும் விதை நிறுவனங்களும் இனியாவது திருந்த வேண்டும். உழவர் தாமே விதை எடுத்துவைக்கக்கூடிய குறுகிய வயது பி.டி. நேர் ரகங்களை விரைந்து வெளியிடுங்கள். இப்போது பி.டி. விதையில் கலந்து தரும் சாதாரண விதை முளைக்கிறதா என்று கடைக்குக் கடை சோதியுங்கள். விதி மீறும் நிறுவனத்தின் உரிமத்தை ரத்துசெய்யுங்கள். புழு தின்ற பருத்திக்கு இழப்பீடு கொடுங்கள். இவற்றைச் செய்து முடிக்காமல் அடுத்த மரபணுவோடு உழவரின் வரப்பில் கால் வைக்காதீர்கள்.