வேகமான கருவி எதைத் தீர்க்கும்?
நோயியல் ஆய்வகங்களில் முடிவுகள் தாமதமாவதற்குப் பழைய கருவிகளே காரணம் என்ற வாதம் விற்பனையாளர்களுக்கு இனிக்கும், சான்றுக்கு ஒவ்வாது. இத்தாலியின் பதுவா நகர மருத்துவமனை ஒன்றின் அவசர ஆய்வகத்தில் நேர்ந்த பிழைகளை ஆய்வாளர்கள் பிளெபானியும் கர்ராரோவும் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். அவற்றில் 68.2 சதவீதம் மாதிரி எடுப்பது, பெயரிடுவது போன்ற பரிசோதனைக்கு முந்தைய கட்டத்தில் நேர்ந்தவை. பரிசோதனைக் கட்டத்துக்குரியவை 13.3 சதவீதமே. பெயர் மாறிய குழாயை அதிவேகக் கருவியில் வைத்தால், தவறான விடை சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

பிழை வேறு, தாமதம் வேறு என்பார்கள். மறுபடி எடுக்கும் ஒவ்வொரு மாதிரியும் தாமதம்தானே? திசுப் பரிசோதனையில், திசுவைக் கெடாமல் நிலைப்படுத்தும் ஃபார்மலினை அவசரப்படுத்தவும் முடியாது. மார்பகத் திசு குறைந்தது 6 மணி நேரம் அதில் ஊற வேண்டும். சுருக்கக்கூடியது காத்திருப்பைத்தான்: மாதிரிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பாமல் வரவர அனுப்பலாம். அதற்குக் கூடுதல் ஆள் வேண்டும் என்பது நியாயமான மறுப்பு. கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அந்த ஆளை நியமியுங்கள்.