சொல்லாத துயரும் ஆறும்



மார்கழி மாதத்து இரவில் கடல் இரையத் தொடங்கினால், வெருகல் பகுதியில் எனக்குத் தெரிந்த தாய் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து பிள்ளைகளையும் தட்டி எழுப்பிவிடுவார். கை கால் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். "எப்பவோ நடந்ததை ஏன் இன்னும் நினைக்கிறாய்?" என்று வீட்டார் ஏசுவார்கள். அவர் என்னிடம் சொன்னார்: "நான் நினைக்கல்ல மிஸ், அது தானா வருது."

அவர் சொன்னதே உண்மை. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி. 2006 இல் மாவிலாற்றில் மூண்ட போரால் நம் மக்கள் வாகரைக்கு ஓடினார்கள். பின்னர் அங்கிருந்தும் இடம்பெயர்ந்து, 2007 இல்தான் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். இத்தகைய பேராபத்தில், நடந்ததை முடிந்துபோன ஒன்றாக மூளையால் பதிந்துகொள்ள முடியாமற் போகலாம். அந்தக் காட்சியும் சத்தமும் மணமும் அப்படியே தேங்கி நின்று, சிறிய தூண்டுதலிலும் இப்போதே நடப்பதுபோல எழுகின்றன. இது பைத்தியமல்ல, பேய்க்குறையுமல்ல, மனப்பலவீனமுமல்ல. இதுவே மனவடு.

இதற்குரிய சிகிச்சைகளில் ஒன்று கண் அசைவுச் சிகிச்சை. சுருக்கமாக 'இ.எம்.டி.ஆர்.' என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷப்பிரோ இது பற்றிய தமது முதல் ஆய்வை 1989 இல் வெளியிட்டார். 2013 இல் உலக சுகாதார நிறுவனமும் மனவடுவுக்கான சிகிச்சைகளில் ஒன்றாக இதைப் பரிந்துரைத்தது. சுனாமியின் பின் வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் இலங்கைக்கு வந்து இங்குள்ள உளவளத்துணையாளர்களுக்கு இதனைப் பயிற்றுவித்தார்கள்.

எப்படிச் செய்வார்கள்? முதல் நாளே பழைய துயரத்தைக் கிளறமாட்டார்கள். உங்கள் உடல்நிலை, குடும்ப நிலையைக் கேட்டறிந்து, மனதை அமைதிப்படுத்தும் முறைகளைப் பழக்குவார்கள். பின்னர் வேதனை தரும் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமுமாக அசைவதைக் கண்ணால் பின்தொடர வேண்டும். சற்று நிறுத்தி, "இப்போது என்ன வருகிறது?" என்று கேட்பார். இவ்வாறு பல தடவை நடக்கும். மனம் ஒரே நேரத்தில் விரலையும் காட்சியையும் கவனிப்பதால் காட்சியின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். ஓடும் பஸ்ஸின் ஜன்னலால் பார்ப்பதுபோல, அது விலகிச் செல்வதைக் காணலாம். நினைவு அழிவதில்லை. அதன் நடுக்கம்தான் குறைகிறது. இது மயக்கி வசப்படுத்தும் வித்தையும் அல்ல.

நமது பெண்களுக்கு முக்கியமான விடயம் ஒன்று இதில் உண்டு. நடந்ததை விபரமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இடம்பெயர்ந்த காலத்தில் நடந்த சிலவற்றை எத்தனையோ பெண்கள் கணவனிடமும் தாயிடமும்கூடச் சொல்லவில்லை. "வெளியில் தெரிந்தால் மகளின் கலியாணம் என்னாகும்?" என்ற பயத்தில் வைத்தியரிடமும் போவதில்லை. அந்தப் பயத்தால் உதவியை இழக்கத் தேவையில்லை. சொல்ல முடியாததைச் சொல்லாமலும் ஆற்றலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முறையாகப் பயின்றவரே இதைச் செய்ய வேண்டும். விரலை ஆட்டினால் போதும் என்று நாமே செய்துபார்த்தால், கிளறிய துயரம் அடங்காமல் போகக்கூடும். பயின்றவர் அருகில் இல்லாவிட்டால் மனவடுவுக்கான வேறு உளவளத்துணை முறைகளும் பலன் தரும்.

மனம் படபடக்கும்போது அமைதிக்காக மட்டும் ஒன்றைச் செய்யலாம். 1997 இல் மெக்சிகோவைத் தாக்கிய சூறாவளியின் பின் அங்குள்ள பிள்ளைகளுடன் வேலை செய்தவர்கள் பழக்கிய 'வண்ணத்துப்பூச்சி அணைப்பு' அது. இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து, இடமும் வலமுமாக மாறி மாறி மெதுவாகத் தட்டி, மூச்சை ஆறுதலாக விடுங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

நித்திரையின்மையும் நடுக்கமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 க்கும் அழைக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

கிணற்றடியில் அயலவள் ஒருத்தி திடுக்கிட்டு நடுங்கினால், "என்ன நடந்தது?" என்று துருவாதீர்கள். "நான் கூட வாறன், போவமா?" என்று கேளுங்கள்.